அறுபது நாள் கெடு யாருக்கு? பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் கிட்ஹப் தளத்தில் உள்ள நம் ரெப்போவில் (நிரல் கிடங்கில்) ஸ்டேல் பாட் ஒன்றைக் குடிவைத்தீர்கள். அறுபது நாள் அசையாதவற்றுக்கு லேபிள் ஒட்டி, அடுத்த ஏழு நாளிலும் அசைவில்லை என்றால் மூடிவிடும் தானியங்கி அது. தேங்கிக் கிடந்த புல் ரிக்வெஸ்ட்களின் (சேர்க்கச் சொல்லி வெளியிலிருந்து வரும் திருத்தங்களின்) எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. எனக்கும் சந்தோஷம்தான், மூடப்பட்டவற்றில் என்னுடையதும் ஒன்று என்று பார்க்கும் வரை. ஆகவே இந்தக் கடிதத்தில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் திருத்தம் சின்னது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நம் ஃபங்ஷன் ‘கொடி’க்கு நான்கு என்றது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் க தனி, அதன் மேல் ஏறும் உயிர்க்குறி தனி. ட, இகரக்குறி இன்னும் இரண்டு. எழுத்தையும் அதன் குறியையும் ஒன்றாகக் கொள்ளும் யூனிகோடின் எழுத்துக்கூட்டு விதிப்படி எண்ணுமாறு மாற்றினேன், கொடி இரண்டானது. ரிவ்யூ செய்த உங்களில் ஒருவர் அருமையான கேள்வி கேட்டார்: ‘பக்ஷி’க்கு என்ன விடை? அந்த விதி க்ஷி-யை க் என்றும் ஷி என்றும் இரண்டாக வெட்டிவிடும். படிக்கிறவர் கண்ணுக்கோ அது ஒரே எழுத்து. விதியை அப்படியே விடுவதா, க்ஷகர வரிசைக்கு மட்டும் விலக்கு எழுதுவதா? இரண்டு வழிக்கும் கோடு (நிரல்) எழுதி, டெஸ்ட்டும் சேர்த்து, “எது வேண்டும், சொல்லுங்கள்” என்று கேட்டேன். பதில் இல்லை. பாட் வந்த அன்றைக்கே, அறுபது நாள் அசைவில்லை என்று லேபிள் விழுந்தது. அடுத்த ஏழு நாளும் நான் தங்கை கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. கோப்பு கிடந்தது உங்கள் மேசையில், அபராதம் எனக்கு.

இந்த 60-ம் 7-ம் நீங்கள் யோசித்து வைத்த எண்கள் அல்ல என்று நினைக்கிறேன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் (கிட்ஹப்பின் தானியங்கி வசதி) ஸ்டேல் கருவியில் ஒன்றும் மாற்றாமல் விட்டால் வருகிற எண்கள் அவை. குபர்னெட்டீஸ் என்ற பெரிய திறமூலத் திட்டத்தில்கூட 90 நாளில் ‘பழசு’, இன்னும் 30 நாளில் ‘அழுகல்’, மேலும் 30 நாளில் மூடல் என்று போகிறது. நம் பாட்டில் இன்னொரு வேடிக்கை: யார் எந்தக் கமெண்ட் போட்டாலும் லேபிள் போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை “அப்” என்று எழுதிவைக்கிறவர் பிழைத்துக்கொள்கிறார். உருப்படியான கேள்வி கேட்டுவிட்டு நாகரிகமாகக் காத்திருப்பவர் மாட்டிக்கொள்கிறார்.

தானியங்கியே கூடாது என்பது என் கட்சி இல்லை. சம்பளமில்லாமல் ராத்திரி பதினோரு மணிக்கு ரிவ்யூ செய்கிறவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. ரஸ்ட் மொழிக்காரர்கள் ‘போர்ஸ்’ என்ற பாட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். மனிதர் ஒருவர் சரி என்றபின், புல் ரிக்வெஸ்ட்டை மெயின் கிளையோடு (திட்டத்தின் முதன்மைப் பிரதியோடு) சேர்த்துப் பார்த்து, சேர்ந்த கோடு டெஸ்ட்டில் தேறினால்தான் மெர்ஜ் செய்கிறது, அதாவது உண்மையிலேயே இணைக்கிறது. தீர்ப்பு மனிதருடையது, எடுபிடி வேலை பாட்டுடையது. கிட்ஹப்பிலேயே 2023 முதல் இதற்கு மெர்ஜ் வரிசை வசதி இருக்கிறது, நம் திட்டத்துக்குத் தாராளமாகப் போடலாம். பின்தங்கிய கிளைகளை ரீபேஸ் செய்து (மெயின் கிளையின் இன்றைய நிலைமேல் ஏற்றி) தரவும் ஒரு பாட் போடுங்கள், கும்பிடு போடுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆக்‌ஷன்ஸ் தானாகத் தரும் டோக்கனை (அனுமதிச் சாவியை) வைத்து பாட் புஷ் செய்தால், அதாவது மாற்றத்தை ஏற்றினால், அந்தப் புஷ்ஷுக்கு டெஸ்ட் தானாக ஓடாது. முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வராமலிருக்கக் கிட்ஹப் வேண்டுமென்றே வைத்த தடை அது. தனி ஆப் ஒன்றைப் பதிந்து அதன் டோக்கனைக் கொடுத்தால் ஓடும்.

மூடுகிற வேலைக்கு வருகிறேன். கடிகாரம் ஓடட்டும், ஆனால் பந்து எங்கள் பக்கம் இருக்கும்போது மட்டும். ரிவ்யூவில் நீங்கள் மாற்றம் கேட்டால் ‘அனுப்பியவர் பதில் தேவை’ என்று ஒரு லேபிள் விழ வேண்டும். நாங்கள் கமிட்டோ (புதுக் கோடு மாற்றமோ) கமெண்ட்டோ போட்டதும் அது உதிர வேண்டும். இந்த லேபிள் உள்ளதை மட்டும் தொடு என்று ஸ்டேல் கருவியிடம் சொல்ல அமைப்பு இருக்கிறது. உங்கள் பதிலுக்காக நிற்பவற்றை அது மூடவே வேண்டாம். அதற்குப் பதில் இரண்டு வாரம் தாண்டியவற்றைத் திங்கட்கிழமை காலையில் பட்டியலாக்கி உங்கள் குழுவுக்கு அனுப்பட்டும். பட்டியல் நீளமாக வந்தால் ஆள் போதவில்லை என்று அர்த்தம். ரிவ்யூவுக்குக் கை கொடுக்க என்னைப் போல நாலு பேர் வருவோம். இப்போது அந்த நீளம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது.

இதற்கான அமைப்புகளைச் சொல்லும் யாமல் கோப்பை நானே எழுதி இந்த வாரமே அனுப்புகிறேன். மூடியதில் என்னுடையதை மட்டுமாவது திறந்துவிடுங்கள். பக்ஷியில் எத்தனை எழுத்து என்ற கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. இரண்டு வழிக்கும் கோடு தயார், எது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் பங்களிப்பாளர்களில் ஒருவன்