வானுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓடுகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, நிலாவெளிப் பக்கம் ஹயர் வான்களும் வரத் தொடங்கிவிட்டன. கந்தளாய் வீதியில் போய்வரும்போது ஒன்றிரண்டு வான்களாவது ஓரமாக நிற்கின்றன, சாரதி ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மற்றக் கையில் துவாயுமாக ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போன வருடம் அப்படி நின்றவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனது வான் யப்பானிலிருந்து வந்த பழைய டீசல் வான். பாடசாலை நாட்களில் பிள்ளைகளை ஏற்றுகிறேன், லீவு நாட்களில் ஹயர். என்ஜினைக் குளிர்விக்கிற ரேடியேட்டரில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அரை லீற்றர் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சரி, பழைய வண்டிதானே என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மூன்று மாதம் ஓடினேன். பிறகு ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும்போது, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில், இருட்டுகிற நேரத்தில், என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறத் தொடங்கியது. அந்தப் பாதையில் பொழுதுபட்டால் யானை இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே ஒரு கைக்குழந்தையும் ஒரு வயதான அம்மாவும். நிற்பாட்டப் பயந்து, ஒரு கடை வெளிச்சம் தெரியும் வரை இரண்டு கிலோமீற்றர் அப்படியே ஓட்டினேன். என்ஜின் தலை வெடிப்பதற்கு அவ்வளவு தூரமே தாராளம். எனக்கு வெடிக்கவில்லை, அது என் கெட்டித்தனம் இல்லை.

அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஹெட் கஸ்கெட் போய்ட்டுது" என்றார்கள் (என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு அது), ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார்கள். ஒரு சோதனையும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது என் மச்சான் வந்தார். அவர் கொட்பேயில் மீன்பிடிப் படகு என்ஜின்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர். "மச்சான், மூடின சிஸ்டத்துக்குள்ள இருக்கிற தண்ணி சும்மா குறையாது, எங்கயோ போகுது. முதல்ல அது எங்க எண்டு பாப்பம், கஸ்கெட்டப் பிறகு பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன். யாரும் வீட்டு முற்றத்தில் செய்யலாம்.

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் நல்லது. ரேடியேட்டரை நிரப்பி, ரிசேர்வ் தாங்கியில் (ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த சின்னத் தாங்கி) தண்ணீர் நிற்கிற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் "குறையுது போல கிடக்கு" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. இரவில் வண்டிக்குக் கீழே பெரிய கார்ட்போட் மட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். காலையில் மட்டையில் ஈரம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் என்றால் நிறமும் இருக்காது மணமும் இருக்காது. ஒயில் கறுப்பு அல்லது மண்ணிறம். கூலன்ட் (ரேடியேட்டருக்கு ஊற்றுகிற நிறத் திரவம்) விரலில் வழுக்கும், ஒரு தித்திப்பு மணம் இருக்கும், பச்சை அல்லது சிவப்பு அல்லது ரோசா நிறம் தெரியும். என்னைப் போல கிணற்றுத் தண்ணீர் ஊற்றியவர்களுக்குத் துருக்கோடுதான் தெரியும்.

எனது மட்டை காய்ந்தே கிடந்தது. குளிர்ந்து நிற்கும்போது ஒழுகவில்லை, சூடேறி அழுத்தம் வந்தால்தான் ஒழுகுகிறது போல என்று அப்போது நினைத்தோம். (இதற்கு நேர்மாறாகக் குளிரில் மட்டும் ஒழுகுகிற வண்டியும் உண்டு, ஹோஸை இறுக்குகிற கிளிப் தளர்ந்திருந்தால் அப்படி நடக்கும்.)

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். 0.9 என்றால் ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரும் வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 பாகையில் கொதிக்காது, 118 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து ரிசேர்வ் தாங்கியால் வழிந்துவிடும். சில மூடிகளில் உள்ளே இருக்கும் சின்ன வால்வு ஒட்டிப்போகும், அப்போது வண்டி குளிர்கையில் தாங்கியிலிருந்து தண்ணீர் திரும்பி உள்ளே வராது. தாங்கி நிறைந்து கிடக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும், மேல் ஹோஸ் சப்பிப்போயிருக்கும். எல்லாவற்றுக்கும் முதல் மூடியைப் பாருங்கள், விலை குறைந்த சாமானும் அதுதான். மாற்றினால் அதே எண் உள்ளதைப் போடுங்கள்.

என் மூடி நன்றாக இருந்தது. மச்சான் ஓர் அழுத்தம் பார்க்கும் பம்பை இரவல் வாங்கி வந்திருந்தார். சைக்கிள் பம்பு மாதிரி ஒன்று, ஒரு மானியோடு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டுகிறது. மூடியில் போட்டிருந்த 0.9 வரைக்கும் அடித்தோம், அதற்கு மேல் அடித்தால் நல்ல ஹோஸும் பிய்ந்துபோகலாம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மானியைப் பார்த்தபடி நின்றோம். பத்து நிமிடத்தில் முள் மெல்ல மெல்ல இறங்கியது. சீற்றைத் தூக்கி என்ஜினைப் பார்த்தோம், எல்லாம் காய்ந்திருந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அலுமினியமும் சேரும் விளிம்பு, எங்கும் ஈரம் இல்லை. வோட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அங்கே ஒழுகினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துளையைச் சிலர் பசை வைத்து அடைக்கிறார்கள், செய்யாதீர்கள், பம்பை மாற்றத்தான் வேண்டும். எங்களுக்கு அதுவும் காய்ந்திருந்தது.

கடைசியில் டோர்ச்சோடு வானுக்கு அடியில் தவழ்ந்து போனேன். நடுச் சீற்றுக்குக் கீழே, நான் இத்தனை வருடமாக எதற்கு என்றே தெரியாமல் இருந்த இரண்டு இரும்புக் குழாய்கள் பின்பக்கம் போகின்றன. அதில் ஒன்றைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் கொழுவியடியில் துரு செதில் செதிலாக வீங்கியிருந்தது. செதிலுக்கு நடுவில் கடுகளவில் ஒரு துளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிளகளவாகி, குழாயோடு வழிந்து, சட்டகத்தின் உள்மடிப்புக்குள் போய் மறைந்தது. உடனே அடுத்த கடுகு முளைத்தது. மூன்று மாதமாக என் முற்றம் காய்ந்தே கிடந்ததற்குக் காரணம் அந்த மடிப்புத்தான். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும், நிற்கும்போது அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

அது பின் ஹீற்றர் குழாய். யப்பானின் குளிருக்காகப் போட்டது. திருகோணமலையில் அதை யாரும் திருகிப் பார்த்ததே இல்லை, ஆனால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் என்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள் போய்வந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் இருப்பது உப்புவெளி, பெயரிலேயே உப்பு, கடற்காற்று இரும்பை விட்டுவைக்குமா? யப்பான் வான் வைத்திருக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லோரும் தயவுசெய்து ஒரு தடவை குனிந்து அந்தக் குழாய்களைப் பாருங்கள்.

திருத்தியது இப்படித்தான். முன்பக்கத்தில் அந்த இரண்டு குழாய்களுக்கும் பிரிகிற ஹோஸ்களைக் கழற்றி, போகிற வாயையும் வருகிற வாயையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்துவிட்டோம். முன் ஹீற்றர் வேலை செய்கிறது, பின்பக்கம் மட்டும் சுற்றிலிருந்து விலகிவிட்டது. போட்டது அதே உள்ளளவு ஹீற்றர் ஹோஸ், இரண்டு புதுக் கிளிப். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைப் போட்டுச் சமாளிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது சூட்டில் இளகி நடுவழியில் கழன்றுவிடும். கூலன்டைச் சேர்க்காமல் எல்லாச் செலவும் ஐயாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. லட்சத்தையும் இதையும் வைத்துப் பாருங்கள்.

அதற்காக ஹெட் கஸ்கெட் போவதே இல்லை என்று சொல்லவில்லை. போனால் அடையாளம் காட்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்ராட் பண்ணி இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும், ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வரும், என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, ஒயில் அளக்கும் கம்பியில் பால் தேநீர் நிறம் தெரியும். ஒயில் மூடிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வெண்மை என்றால் அது வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். ரேடியேட்டர் வாயில் பிடித்துப் பார்க்கிற ஒரு நீலத் திரவச் சோதனையும் இருக்கிறது, புகை கலந்தால் நிறம் மாறும். லட்சம் கேட்கிறவரிடம் முதலில் அந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

திரும்ப நிரப்பும்போது கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளின் உவர் அலுமினியத்தைத் தின்றுவிடும். கலந்து விற்கிற கூலன்ட் வாங்குங்கள், அல்லது தனிக் கூலன்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலவுங்கள், ஒருவகைக் கூலன்டோடு வேறுவகையைச் சேர்க்காதீர்கள். இங்கே பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். துருப் பிடிக்காமல் இருப்பதற்கும் பம்ப் சீல் காயாமல் இருப்பதற்கும் அது வேண்டும். நிரப்பும்போது ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திருகி, மூடியைத் திறந்துவிட்டு, குளிர்ந்த என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள், மேல் ஹோஸைக் கையால் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். 82 பாகை அளவில் தெர்மோஸ்டட் (ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர்ப் பாதையில் இருக்கிற வால்வு) திறக்கும், ஹோஸ் திடீரென்று சுடும், மட்டம் இறங்கும். அப்போது நிரப்பி மூடிவிடலாம். சூடு கூடுகிறது என்று தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சில என்ஜின்களில் அதனாலேயே சூடு கூடும்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுக்கு நிற்கும் என்பார்கள். நிற்கும்தான், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபட்டு நிற்கும். சவர்க்காரத்தைப் பிசைந்து ஒட்டி வீடு வந்து சேர்வது வேறு விடயம், அது அந்தரத்துக்கு.

கழற்றிய கூலன்டை வடிகானிலோ முற்றத்திலோ ஊற்றாதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், அதனால் நாயும் ஆடும் நக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். எங்கள் நகரத்தில் மான்கள் வீதியில் திரிகின்றன, கோட்டைப் பக்கம் மட்டுமல்ல, கடை வாசலுக்கும் வருகின்றன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். நான் ஒரு பழைய கலனில் அடைத்து "நஞ்சு" என்று எழுதி உயரத்தில் வைத்திருக்கிறேன்.

ஓடும்போது முள் ஏறினால் ஏ.சி.யை நிற்பாட்டி, முதலில் கிடைக்கும் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி என்ஜினை நிற்பாட்டுங்கள். அரை மணித்தியாலமாவது மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கிற தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். வற்றிக் கொதிக்கும் என்ஜினுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தலை வெடிக்கும்.

வான் தரிப்பிடங்களில் இருக்கிற சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அழுத்தம் பார்க்கும் பம்பைத் தனியே வாங்குவது பாரமாக இருக்கலாம், ஒரு தரிப்பிடத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு அதிகம் வராது. நானும் மச்சானும் சேர்ந்து ஒன்று வாங்கிவிட்டோம். எங்கள் ஒழுங்கையில் இதுவரை ஐந்து வண்டிகளுக்கு மாட்டிப் பார்த்தோம். இரண்டில் மூடி, ஒன்றில் கீழ் ஹோஸ் கிளிப், ஒன்றில் வோட்டர் பம்ப். ஐந்தாவதில் முள் அரை மணித்தியாலம் அசையவே இல்லை. அது பக்கத்து வீட்டுத் தம்பியின் வான், அவருக்கும் கஸ்கெட் மாற்றச் சொல்லியிருந்தார்கள். இப்போது ரிசேர்வ் தாங்கியில் கோடு போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறார், அடுத்த ஞாயிறு திரும்பவும் பார்ப்போம்.

இப்படிக்கு,
பாடசாலை வான் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.