0.1 வினாடியை எப்படி வரைவது

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய சண்டைக் காட்சியின் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சியைக் கட்டம் கட்டமாக வரைந்த திட்டத்தை, பார்த்தேன். வரைதல் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்பு அங்கிக்காரன் நேரத்தைக் கையாளுகிறான் என்பது ஓரத்தில் நீ எழுதிய குறிப்பால்தான் தெரிகிறது. படத்தில் அவன் வேகமாக ஓடுகிறான், அவ்வளவுதான்.

முதலில் அவன் நேரத்தை நிறுத்துகிறானா, வெட்டி எறிகிறானா என்று முடிவு செய். ஜோஜோ என்ற ஜப்பானிய அனிமே தொடரில் இரண்டு வகை வில்லன்களும் உண்டு. டியோ நிறுத்துகிறவன். அவன் நிறுத்தும்போது விழுந்துகொண்டிருக்கும் துளி அந்தரத்தில் நிற்கும், அவன் விட்டதும் அங்கிருந்தே விழும். டியாவோலோ வெட்டுகிறவன். துளி கீழே விழுந்திருக்கும், விழுந்ததை யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள். அவனை எதிர்த்த போல்நரெஃப் தன் ரத்தத்தைச் சொட்டவிட்டு எண்ணிக்கொண்டே இருந்ததும் அதனால்தான். ஒரு சொட்டு இருந்த இடத்தில் திடீரென்று இரண்டு தெரிந்தால் நடுவில் நேரம் காணாமல் போயிருக்கிறது. உன் முதல் பேனலில் (கட்டத்தில்) துளி அந்தரத்தில் நிற்கிறது, மூன்றாவதில் அதே துளி தரையில் சிதறிக் கிடக்கிறது. இரண்டு விதிகளைக் கலந்துவிட்டாய்.

உன் ஆளுக்குப் பொருத்தமான முன்மாதிரி டிராகன் பால் சூப்பர் என்ற அனிமே தொடரில் வரும் ஹிட். ஆறாம் பிரபஞ்சத்தின் கொலையாளி, எப்போதும் கை பாக்கெட்டில். நேரத்தில் அவன் தாவிக் கடப்பது வெறும் 0.1 வினாடி. எதிராளிக்கு அந்தத் துண்டு இல்லாமல் போகிறது, ஹிட் அதற்குள் குத்திவிடுகிறான். அவனோடு மோதிய வெஜிட்டா அதில்தான் வீழ்ந்தான். அந்தச் சண்டையைப் பார்த்துப் புரிந்துகொண்ட கதாநாயகன் கோகு, 0.1 வினாடி கழித்து ஹிட் எங்கே இருப்பான் என்று கணித்து அடித்தான். உடனே ஹிட் சண்டைக்குள்ளேயே தாவலை அரை வினாடி வரை வளர்த்துக்கொண்டான். எண்ணைச் சொல்லிவிட்டதால்தான் அது வளரும்போது நமக்குப் பதற்றம் வருகிறது. உன் கதையில் எண்ணே இல்லை.

இனி பிரேம் கணக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிச் சட்டங்களின் கணக்கு. வினாடிக்கு 24 பிரேம் என்றால் 0.1 வினாடி இரண்டரைக்கும் குறைவு. டிவி அனிமேயில் பெரும்பாலும் மூன்று பிரேமுக்கு ஒரு படம்தான் வரைவார்கள், அந்தக் கணக்கில் ஒரு முழுப் படம்கூட இல்லை. அரை வினாடி 12 பிரேம், நான்கு படம். ஆகவே தாவலைக் காட்ட முடியாது, அதன் விளைவைத்தான் காட்ட முடியும்.

உன் ஷாட்டில் இப்படிச் செய். எதிராளியின் முஷ்டி பாதி தூரம் வந்திருக்கிறது, உன் ஆள் அவன் எதிரே. அடுத்த படத்தில் முஷ்டி ஒரு படி மட்டும் முன்னேற வேண்டும், உன் ஆள் அவன் முதுகுக்குப் பின்னால். உன் ஆள் நகர்வதைக் காட்டும் இடைப்படம் ஒன்றுகூட வேண்டாம். வேகக் கோடும் தூசியும் வரவே கூடாது, வந்தால் பார்ப்பவர் ஓட்டம் என்றே எடுத்துக்கொள்வார். பிறகு ஆறு முதல் எட்டு பிரேம் இருவரையும் அப்படியே வைத்திரு. அதற்குப் பின்தான் எதிராளியின் வயிறு உள்வாங்கும், குத்தின் சத்தம் கேட்கும். இடைவெளியே இல்லாமல் அடி விழுந்தால் மறுபடி வேகம்தான் தெரியும். 12 பிரேமைத் தாண்டினால் எதிராளி உறைந்துவிட்டான் என்று தோன்றும்.

அந்த இடத்தில் ஷாட்டை வெட்டாதே, கேமராவையும் நகர்த்தாதே. வெட்டினால் இடம் மாறியது எடிட்டிங் என்று கடந்துபோய்விடுவார்கள். பின்னணியில் இரண்டு தூண் வரைந்து வை. எங்கிருந்து எங்கே வந்தான் என்பது அதில் தெரியும். காற்றின் ஒலியை அந்த நொடியில் 0.1 வினாடி அறுத்துவிடு. கண் தவறவிட்டாலும் காது பிடித்துக்கொள்ளும்.

எதிராளிக்கு ஒரு துப்பும் கொடு. முந்தைய தொடரான டிராகன் பால் Z-இல் குல்டோ என்ற வில்லன் மூச்சைப் பிடித்திருக்கும் வரைதான் நேரம் நிற்கும், அது எவ்வளவு நல்ல எல்லை பார்! சூப்பரில் டிஸ்போ என்ற வீரன் தன் கூர்மையான காதால் ஹிட்டின் அசைவு தொடங்கும் முன்பே பிடித்துவிடுகிறான். ஜோஜோவில் டியோவைச் சுற்றி காக்யோயின் விரித்த 20 மீட்டர் வலையில் இழைகள் எல்லாம் ஒரே கணத்தில் அறுந்தன. ஒவ்வொன்றாக அறுந்திருந்தால் அது வேகம், ஒன்றாக அறுந்ததால் நேரம் என்று அவன் புரிந்துகொண்டான். சூப்பரில் ஜிரென் என்ற எதிராளி வெறும் பலத்தால் ஹிட்டின் நேரப் பிடியை உடைத்த முடிவு மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த வழியை நீ எடுக்காதே, கதாநாயகி புத்தியால் ஜெயிக்கட்டும்.

திருத்தியதும் 24 பிரேமிலேயே எக்ஸ்போர்ட் செய்து அனுப்பு கண்ணு. போன தடவை மாதிரி 30-இல் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

அன்புடன்,
அம்மா