மின்சாரப் பில்லில் அக்கம்பக்க வீடுகளின் சராசரியையும் அச்சிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏழாம் மாடிக் குடியிருப்பாளர்கள் சார்பில், ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைமைச் செயல்முறை அதிகாரி அவர்கள்,
எரிசக்தி ஆணையம், புத்ராஜெயா.

பொருள்: வீட்டு மின்சாரப் பில்லில், அதே கட்டடத்தில் உள்ள அதே அளவு வீடுகளின் சராசரிப் பயன்பாட்டையும் காட்டக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆணையம் வழங்கும் வயர்மேன் தகுதிச் சான்றிதழை வைத்துப் பிழைத்தவன் நான். ஊரார் வீட்டு வயரை எல்லாம் பார்த்தவனுக்கு என் வீட்டில் எரிவது அதிகமா, குறைவா என்று சொல்லத் தெரியவில்லை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான். எங்களுக்கு வரும் பில்லில் இந்த மாதம் 412 யூனிட் என்று இருக்கும், போன மாதங்களின் கணக்கும் இருக்கும். போன மாதமும் 412 என்றால் "சரி, வழக்கம்போலத்தான்" என்று மடித்து வைத்துவிடுவோம். அந்த வழக்கமே தப்பாக இருக்கலாம் என்பதை எந்த எண்ணும் எங்களுக்குச் சொல்வதில்லை.

அதனால் எங்கள் மாடியில் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். மாடிக்குப் பன்னிரண்டு வீடு, எல்லாம் மூன்று அறை, எல்லாம் ஒரே அளவு. லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கயிற்றில் ஒரு பேனாவையும் கட்டினேன். பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், யூனிட்டை மட்டும் எழுதுங்கள் என்றேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று பார்க்காமல் பத்து வீட்டார் எழுதினார்கள். மீதி இரண்டு வீட்டை நான் கேட்கவில்லை, அது அவரவர் விருப்பம். ஆகக் குறைவு 168, ஆக அதிகம் 668.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு தம்பி கதவைத் தட்டினார். "அண்ணே, அந்த 668 நம்ம வீடுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்." மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஏர்கோன்தான் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். பார்த்தால் பின்கட்டில் நின்ற பழைய ஐஸ்பெட்டி. கதவு ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. கதவிடுக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே குளிர் நிற்காததால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் காலையில் ஆக்கிய சோற்றை ராத்திரி வரை கீப் வார்மில் வைத்திருக்கும் ரைஸ் குக்கர். ஜாலான் பாசாரில் ரப்பர் வாங்கி மாற்றினோம். அடுத்த பில் 591. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், 600 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் பத்து வெள்ளி 'ரீடெயில் சார்ஜ்' என்ற சில்லறை விற்பனைக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தம்பிக்குத் தெரியாது. அந்த ஐஸ்பெட்டி எத்தனை வருடமாக அப்படி ஓடியதோ! தாளில் மற்ற ஒன்பது எண்களைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

இதே தாள் ஒரு கெடுதலும் செய்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 168 எழுதியது கடைசி வீட்டுப் பாட்டி. "ஐயோ, எல்லாரும் முந்நூறு நானூறு எரிக்கிறாங்களா? நான் மட்டும் எதுக்கு இருட்டுல உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார். மறுமாதம் அவர் கணக்கு 214.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, இதை அமெரிக்காவில் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றாள். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வீட்டுக் கதவுகளில் அட்டை மாட்டி, அக்கம்பக்கத்தார் சராசரியாக எவ்வளவு எரிக்கிறார்கள் என்று தெரிவித்திருக்கிறார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்கள் எங்கள் பாட்டியைப் போலவே ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் குறைவாக எரித்த வீட்டு அட்டையில் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது, அவர்கள் ஏற்றவில்லை. அவ்வளவுதான், ஒரு சிரித்த முகம். நாங்களும் அடுத்த மாதம் சிறிய எண்களுக்குப் பக்கத்தில் வரைந்தோம். பாட்டி 190-க்கு இறங்கினார். கேட்டால் "மழை பெஞ்சுச்சு, ஃபேன் போடல" என்கிறார். ஆனால் அந்தத் தாளின் முன்னால் நின்று அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

பிறகு ஓபவர் என்ற அமெரிக்க நிறுவனம் இதையே மின் நிறுவனங்கள் வழியாகத் தபாலில் வீடு வீடாக அனுப்பியது. ஏறக்குறைய ஆறு லட்சம் வீடுகளை வைத்து ஹண்ட் ஆல்காட் என்ற பொருளியல் அறிஞர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாடு சராசரியாக 2 விழுக்காடு குறைந்தது. இரண்டு விழுக்காடு பிசாத்து என்று தோன்றும். ஆனால் அதற்கு யாரும் புது ஐஸ்பெட்டி வாங்கவில்லை, அரசாங்கம் விலைக் கழிவு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு காகிதம்தான் போனது. அவ்வளவு தூரம் போவானேன், சிங்கப்பூரில் என் தங்கை வீட்டுப் பில்லில் அதே வகை வீடுகளின் சராசரி பக்கத்திலேயே அச்சாகி வருகிறது. தீபாவளிக்குப் போனால் அதைக் காட்டி எங்களைச் சீண்டுகிறாள்.

எங்கள் தாள் ஐந்து மாதம்தான் ஓடியது. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் யாரும் தாள் மாற்றவில்லை, பேனாவும் காணாமல் போனது. ஒருவர் தலையில் நிற்கிற வேலை இப்படித்தான் முடியும். மாதா மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது பில் ஒன்றுதான். அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

இந்தச் சராசரியைப் பில்லில் அச்சிடும்படி மின் விநியோக நிறுவனத்துக்கு உங்கள் ஆணையம் அறிவுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒப்பீடு அதே கட்டடத்தில், அதே அளவு வீடுகளோடு மட்டும் இருக்கட்டும். பங்சார் பங்களாவோடு எங்கள் ஃபிளாட்டை ஒப்பிட்டால் எங்கள் எல்லாருக்கும் சிரித்த முகம் கிடைக்கும், ஒரு பயனும் இருக்காது. சராசரி மட்டும் போதும், எந்த வீடு என்று தெரியவே கூடாது. ஒரு மாடியில் பத்துப் பன்னிரண்டு வீடுதான் என்றால் ஆளை ஊகித்துவிடுவார்கள், எங்கள் மாடியிலேயே 668 யார் என்று தேடாதவர் இல்லை. ஆகவே முழுக் கட்டடத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சராசரிக்குக் கீழே இருப்பவருக்கு அந்தச் சிரித்த முகத்தை மறக்காமல் போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத எங்கள் பாட்டிக்கும் அது புரியும்.

வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளவும் வழி வேண்டும். எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. இன்னொரு வீட்டில் ஒரே கூரையின் கீழ் ஒன்பது பேர். அவர்களிடம் போய் "நீங்கள் அதிகம்" என்று மாதா மாதம் சொல்வது நியாயமில்லை.

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு மின் விநியோக நிறுவனத்தின் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாடு தெரிகிறது, நல்லதுதான். ஆனால் செயலியைத் திறக்கிறவன் ஏற்கெனவே கவலைப்படுகிறவன். காகிதப் பில்லிலும் இது வேண்டும். இதற்கு முன் எங்காவது சோதனை முறையில் செய்து பார்த்திருந்தால், அதன் முடிவையும் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

எங்கள் கட்டடத்திலேயே தொடங்குவதானாலும் சம்மதம். மூன்று மொழிகளிலும் விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதிகாரி ஒருவரை அனுப்பினால் கீழ்த்தள மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். ஐந்து மாதத் தாள்களின் நகலும், எங்கள் மாடியின் பத்து வீட்டார் கையொப்பமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் மாதத் தாளில் உள்ள காப்பிக் கறைக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஏழாம் மாடிக் குடியிருப்பாளர்கள்,
செந்தூல்.