ஆறாறாக ஏறும் ஏணி

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. உன் மகள் பெங்களூரில் குரோமோசோம் நுனிகளான டெலோமியர்களை நீட்டும் நொதி டெலோமரேஸை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுக்கட்டி) மாதிரியில், டெலோமரேஸ் இருந்தால் ஜெல்லில் படிப்படியாகத் தெரிய வேண்டிய பட்டை ஏணி வரவில்லை, பக்கத்து நல்ல திசுவில் மங்கலாக வந்தது, மாதிரிகள் மாறிவிட்டனவோ என்று கேட்டிருக்கிறாய். மாறியிருக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டு எதையும் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்.

நல்ல திசுவை முதலில் பார்க்கட்டும். அதன் திசுச் சாற்றில் கொஞ்சம் எடுத்து 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் நொதி செத்துவிடும். அப்புறமும் 50 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தில் தொடங்கி ஆறாறாக ஏறும் பட்டைகள் தெரிந்தால், முன்பு செய்த பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) வந்த விளைபொருள் பிப்பெட்டில் ஒட்டியிருக்கிறது. பட்டைகள் மறைந்தால் நொதி நிஜம்தான், ஆனால் அது லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களுடையதாக இருக்கலாம். தூண்டப்பட்ட லிம்போசைட்டில் டெலோமரேஸ் உண்டு. அந்தத் துண்டிலேயே ஒரு சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழற்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கட்டி விஷயம்தான் நுணுக்கமானது. 36 பேஸில், பிசிஆர் ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் உள் கட்டுப்பாட்டுப் பட்டை இருக்கிறதா? அதுவும் காணோம் என்றால் பிசிஆரே நடக்கவில்லை. காரணம் சாற்றில் ரத்தம் கலந்திருக்கலாம், அல்லது சாறு அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்க்கச் செய்து ஓட்டினால், சாறு குறையக் குறைய ஏணி தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

36 பளிச்சென்று இருந்து ஏணி மட்டும் இல்லையென்றால், திசு கெட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த நொதி புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்தது. டெலோமியரை எழுத அச்சு அந்த ஆர்என்ஏதான். அறுவை அறையிலிருந்து திரவ நைட்ரஜனுக்குப் போகத் தாமதமானால் அது சிதைந்துவிடும். அதே துண்டிலிருந்து ஆர்என்ஏ எடுத்து ஜெல்லில் ஓட்டட்டும். சாறு எடுக்கும்போதும் டியூப் 30 நிமிடமும் ஐஸில்தான் இருக்க வேண்டும்.

ஆர்என்ஏ நன்றாக இருந்தால், அந்தக் கட்டி டெலோமரேஸே இல்லாமல் பிழைக்கிறது என்று யோசிக்கலாம். 1994இல் வந்த ஆய்வில் 101 கட்டி மாதிரிகளில் 90இல் நொதி இருந்தது. எல்லோரும் 90ஐத்தான் சொல்வார்கள். எனக்கு மீதி 11தான் முக்கியம். ஒரு டெலோமியரைப் பார்த்து இன்னொன்றை நகலெடுத்து நீட்டிக்கொள்ளும் மாற்று வழி ஒன்று உண்டு. சார்கோமாக்களில் அது அடிக்கடி. அந்த வழியின் அடையாளமான சின்ன டிஎன்ஏ வட்டங்களைத் தேடும் சி-வட்டச் சோதனை செய்யட்டும், அத்தகைய கட்டிகளில் அடிக்கடி தொலைந்துபோகும் ஏடிஆர்எக்ஸ் புரதம் காணாமல் போயிருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்கட்டும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், மருந்து இதைப் பொறுத்தது. 2024 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து டெலோமரேஸின் அந்த ஆர்என்ஏ அச்சில்தான் போய் ஒட்டுகிறது. அனுமதி எலும்பு மஜ்ஜைக் கோளாறில் வரும் ரத்தசோகைக்குத்தான், சார்கோமாவுக்கு இல்லை. ஆனாலும் நொதியே இல்லாத கட்டியில் அப்படிப்பட்ட மருந்துக்குப் பிடிப்பதற்கு இடமே கிடையாது.

ஜெல் படத்தை லேன் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் பாதை) வரிசையோடு, ஒவ்வொரு லேனிலும் எத்தனை மைக்ரோகிராம் புரதம் போட்டாள் என்று குறித்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
விஜயா