மிசௌரியில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில், "இனத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுப்பது தப்புதானே அம்மா, ஏழ்மையை மட்டும் பார்த்தால் போதாதா?" என்று கேட்டாய். உன் அப்பாவின் தொலைக்காட்சிச் சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று படித்துப் பார்த்தேன். 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கில் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு சேர்க்கை பற்றியதே அன்றி உதவித்தொகை பற்றியதன்று. ஆயினும் அன்றைக்கே உங்கள் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் உதவித்தொகைக்கும் அது பொருந்தும் என்று கல்லூரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். உன் பல்கலைக்கழகமும், ஏற்கெனவே வழங்கியவற்றை மட்டும் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டு, இனி இனத்தைப் பார்ப்பதில்லை என்று அறிவித்தது.

உன் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்றே இருந்த பானக்கர் உதவித்தொகையை எதிர்த்து வழக்காடியவர் ஒரு ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) மாணவர். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்கவே முடியாமற்போன பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஆனால் உன் ஊரில் இந்தப் பேச்சு 2023-இல் தொடங்கியது இல்லை. 1935-இல் லாயிட் கெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞர், நீ படிக்கும் அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியவில்லை. நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். மறுத்துவிட்டு, பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். யோசித்துப் பார், அதுவும் இனத்தைப் பார்த்துக் கொடுத்த கல்விப் பணம்தான். உள்ளே விடாமல் இருப்பதற்காக மாநிலமே சட்டம் போட்டு வைத்திருந்த பணம். 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, மாநிலத்துக்குள்ளேயே சமமான இடம் கொடுக்க வேண்டும் என்றது. மாநிலம் அவரைச் சேர்த்துக்கொள்ளாமல், செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சட்டப் பள்ளியை அவசரமாகத் திறந்தது. கெயின்ஸ் எந்தச் சட்டப் பள்ளியிலும் படிக்கவில்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் தபால்தலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. கறுப்பின மாணவர்கள் உன் பல்கலைக்கழகத்துக்குள் கால்வைத்தது 1950-இல்தான்.

வெளியே அனுப்புவதற்குக் கொடுத்த பணத்தையும், உள்ளே அழைப்பதற்குக் கொடுத்த பணத்தையும் "இனம் பார்ப்பது" என்ற ஒரே சொல்லில் அடக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழ்மையை மட்டும் பார்க்கலாம் என்கிறாய். வருமானச் சான்று இந்த வருடத்து வரவைச் சொல்லும். தாத்தா ஏன் வீடு வாங்கவில்லை என்று சொல்லாது. 1930-களில் அந்நாட்டு அரசே வரைபடத்தில் கறுப்பினத்தவர் குடியிருப்புகளைச் சிவப்பில் குறித்து, அங்கே வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்று வைத்தது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குச் சொந்த வீடும் மற்றொன்றுக்கு வாடகை வீடுமாக இருப்பது அப்படி வந்ததுதான்.

என் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். 1984-இல் நான் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது விடுதிக் கட்டணம் முழுவதும் ஆதிதிராவிடர் உதவித்தொகைதான். கல்லூரி எழுத்தர் வகுப்பு வாசலில் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க" என்பார். ஏழு பேர் எழுந்து நிற்போம். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டுவாடாப் பதிவேட்டில் ரெவின்யூ ஸ்டாம்பை எச்சில் தொட்டு ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். அந்த அவமானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் பணமே வேண்டாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை; அந்த எழுத்தர் பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

வசதியான வீட்டுக் கறுப்பினப் பிள்ளைக்கும் அந்தப் பணம் போகிறதே என்று நீ கேட்பாய். போகத்தான் செய்யும். அதற்கு வருமான வரம்பு வைக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இனம் என்ற கட்டத்தையே விண்ணப்பத்திலிருந்து அடித்துவிட்டால், கெயின்ஸுக்கு மறுத்த காரணமும் சேர்ந்தே அழிந்துபோகிறது.

உன் வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய கறுப்பினப் பண்பாட்டு மையம் ஒன்று இருக்கிறதாமே, போயிருக்கிறாயா? இல்லையென்றால் இந்த வாரம் ஒருமுறை போய்விட்டு வா; ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். அன்றைக்குத் தொலைக்காட்சியை நானே நிறுத்திவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா