விடுமுறைக் கூத்துப் பயிற்சி: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

இரண்டாந் தவணை நிறைவுறுகிறது. வலய மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விளையாட்டுப் போட்டியிலும் நம் மாணவர் சிறப்பாகப் பங்குபற்றினர். தவணைப் பரீட்சை அறிக்கைகள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுள்ளன. உழைத்த அனைவருக்கும் நன்றி.

ஆகஸ்ட் விடுமுறையில் மீண்டும் நடைபெறவுள்ள நம் மலையகத்துக் காமன் கூத்துப் பயிற்சி பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. கடந்த ஏப்ரல் பயிற்சி மாலை நான்கு மணிக்கு முடிந்தபோதும், சில பிள்ளைகள் இருட்டும்வரை வாசற்படியில் காத்திருந்தனர். ஒருநாள் இடிமழையில், ஏழாந் தரத்துப் பிள்ளையொருத்தி ஆறு மணி கடந்தும் அழைத்துச் செல்ல ஆளில்லாமல் இருந்தாள். அவளோடு துணையிருந்த ஆசிரியை தமது கடைசி பஸ்ஸையும் தவறவிட்டார்.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிறங்கி வருவதற்கு நேரமாகும் என்பதையும், தாயோ தந்தையோ கொழும்பில் வேலை செய்ய, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் பலர் என்பதையும் நான் நன்கறிவேன். பயிற்சியை மூன்று மணிக்கே முடிக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை அவ்வாறுதான் மேடையேற்றினார். ஆனால் ஆட்டம் சுருங்கினாலும் பயிற்சி சுருங்குவதில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தப்புப் பறை முழங்க, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எனும் காமன் எரிவது முதல் அவன் மனைவி ரதியின் புலம்பல் வரை பிள்ளைகள் ஒரே மூச்சில் ஆடிப் பார்க்கிறார்கள். நம் கூத்து வாத்தியாரின் பாட்டுகளுள் பல ஏட்டில் இல்லை. அவர் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்கு நேரே வர வேண்டியவை. அழைத்துப்போக ஆள் வருமோ என்று வாசலையே பார்த்திருக்கும் பிள்ளைக்குத் தாளம் காதில் ஏறாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்களே ரதி வேடமிட்டு வந்த கூத்தில் இன்று நம் மாணவியர் ரதியாக ஆடுகின்றனர். இருட்டியபின் ஒரு பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் அந்த இடம் இல்லாமற் போய்விடும்.

ஆகவே, மாலை 4.30க்குமேல் எந்தப் பிள்ளையும் பாடசாலையில் காத்திருக்கக் கூடாது. எழுத்தில் அறிவிக்கப்படாத எவருடனும், தெரிந்த முச்சக்கரவண்டிக்காரராயினும், பிள்ளையை அனுப்ப மாட்டோம். இரண்டாம் முறையும் தாமதமானால் அப்பிள்ளையைப் பயிற்சியில் வைத்திருக்க இயலாது. தவறு செய்யாத பிள்ளை வருந்துவது எனக்கும் வேதனையே. ஆயினும் இம்முடிவில் மாற்றமில்லை.

நேரத்துக்கு வர முடியாதவர்கள் தயங்காமல் என்னிடம் வந்து பேசுங்கள். ஒரே லயத்து, அதாவது ஒரே தோட்ட வீட்டு வரிசைப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் சேர்த்து அழைத்துச் செல்வதற்கு, கையொப்பமிட்ட ஒரு கடிதமே போதும். ஏப்ரலில் ஒரு தாத்தா டோர்ச் லைட்டோடு வந்து, தம் பேரனுடன் அயல் வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் நாள்தோறும் அழைத்துச் சென்றார். அவருக்கும், பிள்ளைகளுக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தனுப்பிய தாய்மாருக்கும் பாடசாலை கடமைப்பட்டுள்ளது. பயிற்சியின் இறுதிநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மைதானத்தில் கூத்து ஆடப்படும். அனைவரும் வருக.

இவ்வண்ணம்,
அதிபர்