மிட்சம் முதல் பிரைட்டன் வரை: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம் உறவுகளே,

ஹெலியில் பறந்து வந்து உயிர்காக்கும் கென்ட், சரே, சசெக்ஸ் எயார் அம்புலன்சுக்காக நாங்கள் நடத்திய சைக்கிள் ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. காலையில் தெற்கு லண்டனில் மிட்சம் கொமனில் புறப்பட்ட எல்லோரும் மாலைக்குள் பிரைட்டன் கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் காசு சேர்ந்தது. அதை முழுமையாக அவர்களிடம் ஒப்படைத்தும் விட்டோம். சைக்கிள் ஓடியவர்களின் படங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

விடியுமுன் எழும்பி றோல்ஸும் வாய்ப்பனும் பொரித்து, வழியில் ரேணர்ஸ் ஹில்லில் எங்களுக்கு முன்னாலேயே போய் நின்ற அன்ரிமாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டேன், சரி என்றார். ஊரில் யுத்த காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறை அவருடையது. லண்டனில் டூட்டிங்குக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆன பிறகும் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. அங்குள்ள சென் ஜோர்ஜ் வைத்தியசாலைக் கூரையில் 2014 முதல் ஹெலி இறங்குதளம் இருக்கிறது. அங்கே ஹெலி இறங்கும் ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாராம். சென்ற ஆண்டு அந்தக் கூரையில் இறக்கப்பட்டவர் அவருடைய சொந்தத் தம்பி. சசெக்ஸில் ஒரு கிராமத்து வீதியில் நடந்த விபத்து அது. வைத்தியர் வீதியோரத்திலேயே மயக்க மருந்து கொடுத்து, இரத்தமும் ஏற்றித்தான் அவரை ஹெலியில் ஏற்றினார். இன்று அவர் நடக்கிறார். இப்போதும் ஹெலிச் சத்தம் கேட்டால் அன்ரி வேலையை நிறுத்துகிறார், ஆனால் உள்ளே இருப்பவர் பிழைக்கவேண்டும் என்று கும்பிடுவதற்காக. இந்த ஓட்டத்தைச் செய்யவேண்டும் என்று முதலில் கேட்டதும் அவர்தான்.

காசு கேட்டுப் போனபோது பலர் எங்களிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: இதை அரசாங்கம் பார்ப்பதில்லையா? 999க்கு அடித்தால் வரும் சாதாரண அம்புலன்ஸ் அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ் உடையது. ஹெலியோ ஒரு தொண்டு நிறுவனத்தின் சேவை. 1989இல் தொடங்கிய இந்தச் சேவை பெரும்பாலும் பொதுமக்கள் கொடுக்கும் காசில்தான் ஓடுகிறது. விமானிகளோடு ஒரு வைத்தியரும் ஒரு பராமெடிக்கும் வருவார்கள். காயப்பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்வரை காத்திருக்காமல், தீவிர சிகிச்சையை அவர் கிடக்கும் இடத்துக்கே கொண்டுபோவதுதான் அவர்களுடைய வேலை. 2013இலிருந்து இரவிலும் பறக்கிறார்கள். விளக்கம் கேட்டுவிட்டு, முதலில் எடுத்த நோட்டை உள்ளே வைத்துப் பெரிய நோட்டாக எடுத்துத் தந்த கடைக்காரர்களுக்கும், கோயில் வாசலில் உண்டியலோடு நின்ற தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. கிஃப்ட் எய்ட் படிவத்தைப் பொறுமையாக நிரப்பிக் கையெழுத்திட்டவர்களுக்குத் தனி நன்றி. உங்கள் ஒவ்வொரு பவுண்டோடும் இன்னொரு 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து அவர்களுக்குப் போகும்.

அடுத்து, எங்கள் சைக்கிள்களைப் பார்த்துத் தந்த மாமா. முதல்நாள் முழுக்கத் தன் வீட்டுக் கராஜைத் திறந்து வைத்து, வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் பிரேக், செயின், ரியூப் எல்லாம் பார்த்தார். காசு வாங்க மறுத்து, அதையும் உண்டியலில் போடச் சொன்னார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராமல் இருந்த காலத்தில் பழகிய வேலை அவருக்கு இது. அன்றைக்கு அங்கே சைக்கிள்தான் அம்புலன்ஸ். காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கரியரில் இருத்திக்கொண்டு இருட்டில் ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர்களில் அவரும் ஒருவர். இதையெல்லாம் இங்கே பிறந்த பிள்ளைகள் அந்தக் கராஜில் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பான்ஸ்டெட் ஏற்றம் கழிந்ததுமே தூறல் பிடித்துக்கொண்டது, தெற்கே போகப்போக எதிர்க்காற்று வேறு. அந்த மழையில் ஒவ்வொரு திருப்பத்திலும் மஞ்சள் அங்கியோடு நின்று வழிகாட்டிய தம்பி தங்கச்சிமாரே, நீங்கள் இல்லாவிட்டால் பாதிப் பேர் வழி தவறியிருப்பார்கள். ஹேவர்ட்ஸ் ஹீத்தில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, நனைந்து வந்தவர்களுக்குத் துவாயும் சூடான தேத்தண்ணியும் தந்த தேவாலயத்தாருக்கும், வழுக்கி விழுந்த பிள்ளையின் முழங்காலைக் கழுவிக் கட்டிவிட்ட முதலுதவித் தன்னார்வலர்களுக்கும், கடைசிவரை எல்லோருக்கும் பின்னால் வானை ஓட்டிவந்த அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி.

டிச்லிங் பீக்கனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 248 மீட்டர் உயரம், கிழக்கு சசெக்ஸில் அதைவிட உயரமான இடம் இல்லை. கடலுக்கு இறங்குமுன் கடைசியாக வரும் பெரிய ஏற்றமும் அதுதான். பலர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினார்கள். நாங்கள் யார், எதற்காகப் போகிறோம் என்று எதுவும் தெரியாத ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். ஒரு வயதான தம்பதி வெட்டிய தோடம்பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். முதுகில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு, தங்கள் மகனுக்கும் ஒருநாள் இந்த ஹெலிதான் வந்தது என்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இதை வாசிக்கவும் மாட்டார்கள். ஆனாலும் இங்கே எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

ஓட்டத்துக்கு முந்திய வாரம் எங்கள் மண்டபத்துக்கு வந்து, நெஞ்சை அழுத்தி உயிர்காப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கும் அம்மம்மாக்களுக்கும் பொறுமையாகக் காட்டித்தந்த பராமெடிக்குக்கும் எங்கள் வணக்கம். அன்று இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் கோபிக்கவேண்டாம். அதே பயிற்சியை இன்னொரு முறை நடத்தித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார், நாள் முடிவானதும் அறிவிப்போம்.

இன்னும் இரண்டு விடயம். கிஃப்ட் எய்ட் படிவத்தில் முகவரி எழுத மறந்தவர்கள் எங்களோடு தொடர்புகொள்ளுங்கள். மஞ்சள் அங்கிகள் இரவல் வாங்கியவை, யாராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
ஓட்டத்தின் ஏற்பாட்டுக் குழு சார்பில்